அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிபதி ஆவது எப்படி? ஓர் எளிய விளக்கம்

2020 பிப்ரவரியில் ஸ்ரீ ஸ்ரீநிவாசன் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்குத் தலைமை நீதிபதி ஆனார். முழுப்பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன். அப்பாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மேலத் திருவேங்கடநாதபுரம். நமக்கு அது போதாதா? ஏதோ அமெரிக்காவுக்கே தலைமை நீதிபதி ஆகிவிட்டார் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அமெரிக்காவின் தலைமை நீதிபதி 2005 முதல் ஜான் ராபர்ட்ஸ். ஸ்ரீநிவாசன் ஏற்றது வேறொரு நீதிமன்றத்தின், வேறு வகையான தலைமைப் பொறுப்பு. அதற்கு அவரை யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எப்படி என்று பிறகு வருகிறேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது எளிதாகப் புரிகிறது. நம் மனதில் நம்மூர் நீதித்துறை இருக்கிறது. தேர்வு எழுதி சிவில் நீதிபதி, அப்புறம் சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி, அதிர்ஷ்டம் இருந்தால் உயர் நீதிமன்றம் என்று ஒரு படிவரிசை. வக்கீலாக இருந்து நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் உண்டு. ஆனாலும் ‘படிப்படியாக மேலே போவது’ என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இந்தப் பதவி உயர்வு என்ற சங்கதியே கிடையாது. ஒவ்வொரு நாற்காலியும் ஒரு புது நியமனம்: அதிபர் பரிந்துரைக்க வேண்டும், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

## மூன்று அடுக்கு, பதின்மூன்று நீதிமன்றங்கள்

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் இரண்டு நீதித்துறைகள் அருகருகே ஓடுகின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒன்று. நாடு முழுமைக்கும் கூட்டாட்சி அரசின் கீழ் இன்னொன்று. விவாகரத்து, திருட்டு, சாலை விபத்து, வாடகைத் தகராறு என்று அன்றாட வழக்குகளில் பெரும்பகுதி மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகும். பல மாநிலங்களில் நீதிபதிகள் தேர்தலில் நிற்பார்கள், சுவரொட்டி அடிப்பார்கள், நன்கொடை திரட்டுவார்கள். ‘அமெரிக்காவில் நீதிபதிக்கும் தேர்தல்’ என்று நாம் கேள்விப்படுவது இவர்களைப் பற்றித்தான். கூட்டாட்சி நீதிபதிகளுக்குத் தேர்தல் கிடையாது.

கூட்டாட்சிப் பக்கம் மூன்று அடுக்குகள். கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள். வழக்கு தொடங்குவது இங்கே. நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். மேலே ஒரே ஒரு உச்ச நீதிமன்றம்.

நடு அடுக்கில் உள்ள ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஒரு வட்டாரம் உண்டு. அந்த வட்டாரத்தைச் சர்க்கியூட் என்பார்கள். முதல் சர்க்கியூட் பாஸ்டனில் இருக்கிறது; அதில் 6 நீதிபதிகள் மட்டுமே. கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் உட்பட பல மேற்கு மாநிலங்களை வளைத்துப்போட்ட ஒன்பதாம் சர்க்கியூட்டில் 29 பேர். எண் போட்டவை பதினொன்று. பன்னிரண்டாவது தலைநகர் வாஷிங்டனுக்கானது, பெயர் டி.சி. சர்க்கியூட்; ஸ்ரீநிவாசன் தலைமை நீதிபதி ஆனது இதற்குத்தான். பதின்மூன்றாவதான ஃபெடரல் சர்க்கியூட்டுக்குக் காப்புரிமை மாதிரிச் சில வகை வழக்குகள் நாடு முழுவதிலிருந்தும் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் 179 நீதிபதி இடங்கள். 30 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு இது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஒரு நாற்காலிக்கு இத்தனை அடிதடி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் வழக்குகளின் எண்ணிக்கை. ஆண்டுக்கு அறுபது, எழுபதுதான். வரும் மனுக்களோ ஆயிரக்கணக்கில். அப்படியென்றால் மீதி வழக்குகளுக்கு யார் சொன்னது கடைசித் தீர்ப்பு? நடு அடுக்கு சொன்னதுதான். டெக்சாஸில் கருக்கலைப்போ குடியேற்றமோ துப்பாக்கிச் சட்டமோ, எதுவாக இருந்தாலும் நியூ ஆர்லியன்ஸில் உள்ள ஐந்தாம் சர்க்கியூட் சொல்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அது சொன்னது அந்த வட்டாரத்தின் எல்லா மாவட்ட நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

சுருக்கமாக: கீழே வழக்கு விசாரணை, நடுவில் மேல்முறையீடு, மேலே அபூர்வமாக உச்ச நீதிமன்றம். நாம் பேசுவது அந்த நடு அடுக்கில் இருக்கும் 179 பேரைப் பற்றி.

## அவர்கள் பார்க்கும் வேலை என்ன?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது நடுவரைச் சொன்னால் போதும். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டால் பந்தை மறுபடி வீசச் சொல்வதில்லை. பதிவான காட்சியைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான். சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரி இல்லை, புதுச் சாட்சியம் கிடையாது. கீழ் நீதிமன்றத்தில் பதிவானது எதுவோ அதை வைத்துக்கொண்டு, அங்கே சட்டப்படி தவறு நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்த ஒப்புமை இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வரும். எல்.பி.டபிள்யூ.வில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒன்று இருக்கிறதே, பந்து ஸ்டம்பை உரசுகிற மாதிரி இருந்தால் களத்தில் நின்றவர் சொன்னதை மாற்ற மாட்டார்கள். அதே போல, சாட்சி பொய் சொன்னாரா, அன்று இரவு காரை ஓட்டியது யார் என்ற மாதிரியான உண்மை பற்றிய கேள்விகளில் கீழ் நீதிபதியின் முடிவு அப்பட்டமான தவறாக இருந்தாலொழிய மேலே கைவைக்க மாட்டார்கள். சாட்சியின் முகத்தை நேரில் பார்த்தவர் அவர்தானே. சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியில் அந்தத் தயவு கிடையாது. அதை மேல் நீதிமன்றம் புதிதாகத் தானே முடிவு செய்யும்.

வழக்கு ஒன்றுக்கு மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள். இந்த வழக்குக்கு இவர்தான் வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. இரண்டு பக்க வக்கீல்களும் எழுத்து வாதங்களை முன்கூட்டியே தந்திருப்பார்கள். பெரும்பாலான வழக்குகள் அந்தக் காகிதங்களை வைத்தே முடிந்துவிடும். வக்கீல் நேரில் நின்று பேசுவது ஒரு பகுதி வழக்குகளில்தான். அப்படிப் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு பத்து, பதினைந்து நிமிடம். வக்கீல் நிற்கும் இடத்தில் பல நீதிமன்றங்களில் சின்ன விளக்குகள் இருக்கும்: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கத் தொடங்கலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டியதுதான். மனப்பாடம் செய்து வந்த முன்னுரையை முடிக்க விடுவதே அபூர்வம். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு நீதிபதி குறுக்கே ஒரு கேள்வியைப் போடுவார். மீதி நேரமெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆகலாம். மூவரில் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் சேரலாம், முரண்பட்டால் தனியாக எழுதலாம். ரொம்ப முக்கியமான வழக்கு என்றால் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லோரும் கூடி மறுபடி கேட்பார்கள். அதற்கு என் பான்க் அமர்வு என்று பெயர். ஒன்பதாம் சர்க்கியூட்டில் மட்டும் 29 பேரும் கூடினால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பதாலோ என்னவோ, 11 பேர் கூடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இது படிப்பும் எழுத்தும் சார்ந்த வேலை. ஆகவே ஆள் தேடும்போதும் விசாரணை நடத்திப் பழகியவரைவிட, சட்டத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர் மேல்தான் கண் போகிறது.

## தகுதி என்று அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 217ஆவது பிரிவு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும், பத்தாண்டு நீதிப் பணியோ பத்தாண்டு வக்கீல் அனுபவமோ வேண்டும், 62 வயதில் ஓய்வு என்று வரையறுக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் வயது இல்லை, அனுபவம் இல்லை, சட்டப் பட்டம்கூட இல்லை. சட்டம் கேட்பது ஒன்றுதான்: அந்த சர்க்கியூட்டில் குடியிருக்க வேண்டும். டி.சி. சர்க்கியூட்டுக்கு அதிலும் விலக்கு.

எழுதப்படாத தகுதிகள் என்று பார்த்தால் பட்டியல் நீளம். நல்ல சட்டக் கல்லூரி, நீதிபதியிடம் உதவியாளராக இருக்கும் நல்ல கிளார்க்‌ஷிப், எழுத்துத் திறமை, அரசாங்கத்தில் சில ஆண்டுகள், யாரைத் தெரியும் என்பது, கடைசியாக வயது. வாழ்நாள் பதவி என்பதால் அதிபர்கள் இளையவர்களைத் தேடுகிறார்கள். 2019இல் நான்காம் சர்க்கியூட்டுக்கு வந்த அலிசன் ரஷிங்குக்கு அப்போது வயது 36. நம்மூரில் அந்த வயதில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதை நினைத்துப் பார்க்க முடியாது.

## கிளார்க்‌ஷிப் என்ற முதல் கதவு

லா கிளார்க் என்றதும் கட்டு தூக்கும் வக்கீல் குமாஸ்தாவை நினைக்க வேண்டாம். சட்டம் படித்து முடித்த கையோடு ஒரு நீதிபதியிடம் ஓராண்டு வேலை பார்க்கும் இளைஞர் அவர். மேல்முறையீட்டு நீதிபதி ஒருவருக்குப் பொதுவாக நான்கு பேர். வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பு எழுதுவது, நீதிபதியோடு வாதாடிப் பார்ப்பது, தீர்ப்பின் முதல் வரைவைத் தயாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்த ஓராண்டு முடிந்ததும், கெட்டிக்காரர்களில் வெகு சிலருக்கு உச்ச நீதிமன்றத்தில் இன்னோர் ஆண்டு கிடைக்கும்.

பிற்காலத்து நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும். ஸ்ரீநிவாசன் நான்காம் சர்க்கியூட்டில் ஹார்வி வில்கின்சனிடமும் பிறகு உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ’கானரிடமும் இருந்தார். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் யாரிடம் கிளார்க்காக இருந்தாரோ, அந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீபன் பிரையர் ஓய்வுபெற்றபோது அவருடைய இடத்துக்கே 2022இல் நீதிபதியாக வந்தார். குருகுலம் மாதிரி ஒரு சங்கிலி இது. அது நல்லதா என்று கேட்டால், எனக்குத் தயக்கம் உண்டு. 24, 25 வயதில் சரியான பேராசிரியரின் சிபாரிசு கிடைக்காதவருக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், அந்தக் கதவு சாத்தியே கிடக்கும்.

## அங்கிருந்து பிரியும் பாதைகள்

கிளார்க்‌ஷிப்புக்குப் பிறகு ஒரே பாதை கிடையாது. ஸ்ரீநிவாசன் வந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1967இல் சண்டிகரில் பிறந்தார். அப்பா கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்; அதனால் வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில். ஸ்டான்ஃபோர்டில் பட்டம், அங்கேயே சட்டமும் நிர்வாகமும் சேர்த்து 1995இல் இன்னொரு பட்டம். இரண்டு கிளார்க்‌ஷிப். கொஞ்ச காலம் பெரிய தனியார் வக்கீல் நிறுவனம். பிறகு சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம்.

இந்த அலுவலகத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசின் சார்பாக வாதாடுபவர் சொலிசிட்டர் ஜெனரல். அவருக்குக் கீழே சுமார் இருபது வக்கீல்கள்தான். நாட்டிலேயே கூர்மையான மேல்முறையீட்டு வக்கீல்கள் உருவாகும் இடம் என்று அதற்குப் பெயர். ஸ்ரீநிவாசன் 2002 முதல் 2007 வரை, அதாவது குடியரசுக் கட்சியின் புஷ் காலத்தில், அங்கே வேலை பார்த்தார். 2011இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா காலத்தில் அதே அலுவலகத்துக்கு முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரலாகத் திரும்பினார். உச்ச நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் வாதாடியிருக்கிறார். நீதிபதியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. நேரே மேல்முறையீட்டு நீதிமன்றம்.

மற்றவர்கள் வேறு வேறு திசைகளிலிருந்து வந்தார்கள். அமுல் தாப்பர் கென்டக்கியில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர், அப்புறம் மாவட்ட நீதிபதி, 2017இல் ஆறாம் சர்க்கியூட். நியோமி ராவ் பேராசிரியராக இருந்தவர். அரசுத் துறைகளின் விதிமுறைகளைச் சரிபார்க்கும் வெள்ளை மாளிகை அலுவலகத்துக்குத் தலைமை தாங்கினார். அங்கிருந்து 2019இல் டி.சி. சர்க்கியூட். டான் வில்லெட் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து ஐந்தாம் சர்க்கியூட்டுக்கு வந்தார். ரிச்சர்ட் போஸ்னர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்; 1981இல் ஏழாம் சர்க்கியூட்டில் உட்கார்ந்தவர் 2017 வரை எழுதித் தள்ளினார். ஜாக்சன், குற்றம்சாட்டப்பட்ட ஏழைகளுக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீலாக இருந்தவர். அந்தப் பின்னணி இந்த நாற்காலிகளில் ரொம்ப நாள் அபூர்வமாக இருந்தது.

தாப்பர், ஜாக்சன் இருவரும் மாவட்ட நீதிபதியாக இருந்து மேலே வந்தார்களே, அது பதவி உயர்வு இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அதிபர் மறுபடி பரிந்துரைக்க வேண்டும், செனட் மறுபடி வாக்களிக்க வேண்டும். எத்தனையோ மாவட்ட நீதிபதிகள் முப்பது ஆண்டு அதே நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வு பெறுகிறார்கள். அதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை.

கூடவே இன்னொன்று. கட்சிச் சார்பு உள்ள சட்ட வட்டாரங்களில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். குடியரசுக் கட்சிப் பக்கம் 1982இல் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இதற்கான முக்கியமான சந்திப்பிடம். மாணவராக இருக்கும்போதே அதில் சேர்ந்து, கூட்டங்களில் பேசி, பெயர் வாங்கிக்கொள்கிறார்கள். விண்ணப்பப் படிவம் இல்லாத வேலைக்கு இதுதான் விண்ணப்பம்.

இதுவரை: தேர்வு இல்லை, படிவரிசை இல்லை, சட்டபூர்வத் தகுதியும் கிட்டத்தட்ட இல்லை. கிளார்க்‌ஷிப், அரசுப் பணி, எழுத்து, தொடர்பு இவை ஒருவரைத் தயார் நிலையில் நிறுத்தும், அவ்வளவுதான். அதற்கு மேல் இடம் காலியாக வேண்டும்.

## நாற்காலி காலியாகிறது

இடம் காலியானதும் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அலுவலகம் பெயர்களைத் தேடும். கண்ணில் பட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். எஃப்.பி.ஐ. பின்னணி விசாரிக்கும். பரிந்துரை வெளியானதும் செனட்டின் நீதித்துறைக் குழு ஒரு கேள்வித்தாளை நீட்டும். எழுதிய கட்டுரை, பேசிய கூட்டம், வாதாடிய முக்கிய வழக்குகள், சொத்து என்று வாழ்க்கையையே கொட்டிக் காட்ட வேண்டும். கல்லூரிக் காலத்தில் மாணவர் பத்திரிகையில் எழுதிய ஒரு பத்தி இருபது ஆண்டு கழித்துப் பூதமாகக் கிளம்புவது இங்கேதான்.

அப்புறம் புளூ ஸ்லிப். நூறாண்டு பழைய வழக்கம் இது. எந்த மாநிலத்து இடமோ அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் ஒரு நீலத் தாளைக் குழு அனுப்பும். சம்மதம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாமல் வைத்துக்கொண்டால் நியமனம் நின்றுபோகும். மாவட்ட நீதிபதிகளுக்கு இது இன்றும் நடக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு 2018 முதல் அந்தத் தாளுக்குத் தடுக்கும் சக்தி போய்விட்டது. டி.சி. சர்க்கியூட்டுக்கு இந்தத் தொல்லை எப்போதும் இருந்ததில்லை. வாஷிங்டனுக்குத்தான் செனட்டரே கிடையாதே.

குழுவின் முன்னால் விசாரணை, குழுவின் வாக்கெடுப்பு, பிறகு செனட்டின் முழு அவை. முன்பெல்லாம் இந்தக் கடைசிக் கட்டத்தில் ஃபிலிபஸ்டர் ஒரு பெரிய சுவர். விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கும் உரிமைக்கு அந்தப் பெயர். அதைத் தாண்ட 100இல் 60 பேர் வேண்டும். 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியினர் அந்த விதியை மாற்றினார்கள். டி.சி. சர்க்கியூட்டில் காலியாக இருந்த மூன்று இடங்களுக்கு ஒபாமா சொன்ன மூவரையும் குடியரசுக் கட்சியினர் தடுத்ததுதான் உடனடிக் காரணம். அன்று முதல் சாதாரணப் பெரும்பான்மை போதும். அன்று மாற்றியவர்களே பிறகு எதிர்க்கட்சி ஆனபோது அந்த மாற்றத்தின் வலியை அனுபவித்தார்கள் என்பது வேறு கதை.

ஸ்ரீநிவாசன் வந்தது அந்த மாற்றத்துக்கு ஆறு மாதம் முன்னால். அவருக்குக் கிடைத்த இடம் 2008 முதல் காலியாகக் கிடந்தது. 2012 ஜூனில் ஒபாமா பரிந்துரைத்தார். அந்த ஆண்டு ஒன்றும் நகரவில்லை. 2013 ஜனவரியில் மறுபடி பரிந்துரை, ஏப்ரலில் விசாரணை, குழுவில் 18–0, மே 23 அன்று முழு அவையில் 97–0. தெற்காசியப் பின்னணியுள்ள ஒருவர் இந்த அடுக்குக்கு வந்தது அதுவே முதல் முறை. செப்டம்பரில் நடந்த பதவியேற்பு விழாவில் உறுதிமொழி செய்துவைத்தவர், அவர் கிளார்க்காக இருந்த அதே ஓ’கானர். கை வைத்தது பகவத் கீதையின் மேல்.

97–0 என்ற எண்ணைப் பார்த்து எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நியோமி ராவுக்கு 53–46. டிரம்ப்பின் சொந்த வக்கீலாக இருந்த எமில் போவே 2025 ஜூலையில் மூன்றாம் சர்க்கியூட்டுக்கு வந்தபோது 50–49. இப்போது வழக்கமாக நடப்பது இந்த மாதிரி கட்சிப் பிரிவுப்படி விழும் வாக்குகள்தான்.

வாக்கெடுப்புவரை போகவே போகாதவர்களும் உண்டு. ஒரே நாற்காலியின் கதை சொல்கிறேன். டி.சி. சர்க்கியூட்டில் ஜேம்ஸ் பக்லியின் இடம் காலியாக இருந்தது. 1999இல் கிளின்டன் அதற்கு எலெனா கேகனைப் பரிந்துரைத்தார். குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் விசாரணையே நடத்தவில்லை. பரிந்துரை காலாவதி ஆனது. அதே இடத்துக்கு 2003இல் வந்தவர் ஜான் ராபர்ட்ஸ். அவருக்கும் இது எளிதாகக் கிடைக்கவில்லை. 1992இல் அப்பா புஷ் செய்த பரிந்துரை செனட்டில் கிடந்து செத்துப்போனது. 2001இல் மகன் புஷ் செய்ததும் நகரவில்லை. மூன்றாம் முறைதான் பலித்தது. கேகன் சட்டக் கல்லூரி டீன் ஆனார், சொலிசிட்டர் ஜெனரல் ஆனார், 2010இல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மேல்முறையீட்டு நாற்காலி கிடைக்காதவரும் கிடைத்தவரும் இன்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவருக்குமே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் யார் அதிபர், செனட் யார் கையில், தேர்தலுக்கு இன்னும் எத்தனை மாதம் என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது.

## உட்கார்ந்த பிறகு

ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை பதவி என்கிறது அரசியல் சட்டம். நடைமுறையில் வாழ்நாள் முழுக்க. தீர்ப்பு பிடிக்கவில்லை என்று அதிபர் நீக்க முடியாது. இன்னொரு சர்க்கியூட்டுக்கு மாற்றலும் கிடையாது. கீழவை குற்றம்சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் நீக்கம். நாட்டின் வரலாறு முழுவதும் தேடினாலும் அப்படி நீக்கப்பட்ட கூட்டாட்சி நீதிபதிகள், எல்லா அடுக்கும் சேர்த்து, 8 பேர்தான்.

சம்பளத்தையும் குறைக்க முடியாது. 2024இல் மேல்முறையீட்டு நீதிபதிக்கு ஆண்டுக்கு 2,57,900 டாலர். நம் கணக்கில் பெரிய தொகை. ஆனால் அதே ஆண்டில் நியூயார்க்கின் பெரிய வக்கீல் நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கே 2,25,000 டாலர் அடிப்படைச் சம்பளம். நீதிபதியின் கிளார்க் வெளியே போய் சீக்கிரமே நீதிபதியைவிட அதிகம் சம்பாதிப்பது அங்கே சர்வ சாதாரணம்.

இப்போது தலைமை நீதிபதி விஷயம். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியை அதிபர் தனியாகப் பரிந்துரைப்பார். சர்க்கியூட்டில் அப்படி இல்லை. 65 வயதுக்குள் உள்ள நீதிபதிகளில் யார் மூத்தவரோ, அவருக்குத் தானாக வந்து சேரும். ஓராண்டாவது அந்த நீதிமன்றத்தில் இருந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு, அதிகபட்சம் 70 வயது, பிறகு அடுத்தவர். 2020இல் மெரிக் கார்லண்டின் ஏழு ஆண்டு முடிந்தது, வரிசைப்படி ஸ்ரீநிவாசன் வந்தார். நிர்வாகப் பொறுப்பு கூடும், அவ்வளவுதான். தீர்ப்பில் அவருக்கும் ஒரே ஒரு வாக்கு.

வயதானால்? கட்டாய ஓய்வு இல்லை. சீனியர் ஸ்டேட்டஸ் என்ற அரை ஓய்வு நிலை உண்டு. வயதையும் பணி ஆண்டுகளையும் கூட்டினால் 80 வர வேண்டும்: 65 வயதும் 15 ஆண்டும், அல்லது 66ம் 14ம், இப்படியே 70ம் 10ம் வரை. அதை ஏற்பவர் முழுச் சம்பளத்தோடு குறைந்த வழக்குகளைப் பார்க்கலாம். முக்கியமானது என்னவென்றால், அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய நாற்காலி காலி என்று கணக்காகிவிடும். அதிபர் புது ஆளைப் போடலாம். அதனால்தான் பல நீதிபதிகள் தங்களுக்கு ஒத்துப்போகும் அதிபர் வரும்வரை காத்திருக்கிறார்கள். நான்காம் சர்க்கியூட்டின் ஜேம்ஸ் வின் சீனியர் ஸ்டேட்டஸ் எடுப்பதாக அறிவித்திருந்தார். 2024 நவம்பர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார். டிசம்பரில் வின் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீதிபதிகளுக்கு அரசியல் தெரியாது என்று யார் சொன்னது?

விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். மைக்கேல் லூட்டிக் 2006இல் நான்காம் சர்க்கியூட்டை விட்டு போயிங் நிறுவனத்துக்குத் தலைமைச் சட்ட அதிகாரியாகப் போனார். மைக்கேல் மெக்கானெல் 2009இல் பத்தாம் சர்க்கியூட்டை விட்டு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார்.

கார்லண்டுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 2016இல் ஒபாமா அவரை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்; செனட் திரும்பியே பார்க்கவில்லை. 2021இல் அட்டர்னி ஜெனரல் ஆவதற்காக நீதிபதிப் பதவியைவிட்டார். அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் அதுவரை மாவட்ட நீதிபதியாக இருந்த ஜாக்சன். ஜாக்சன் விட்ட மாவட்ட இடத்துக்கு வந்தவர் ஃபுளோரன்ஸ் பேன். அடுத்த ஆண்டு ஜாக்சன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், அவர் விட்ட மேல்முறையீட்டு இடத்துக்கும் 2022 செப்டம்பரில் பேனே வந்தார். இதே பேனை ஒபாமா 2016இலேயே வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்திருந்தார். அப்போது செனட் வாக்கெடுப்பே நடத்தாமல் விட்டுவிட்டது.